உட்கரு இரும்புதான் என்று யார் உரசிப் பார்த்தது?

பழைய_இரும்பு | செலாயாங் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன், அறிவியல் ஆள் கிடையாது. நேற்று ஒரு காணொளி பார்த்தேன். பூமிக்கு நட்டநடுவில் உட்கரு என்று இரும்பும் நிக்கலும் சேர்ந்த உருண்டை இருக்கிறதாம், அதில் நிக்கல் சுமார் 5 விழுக்காடாம். சொல்கிறவர் தம் வீட்டுக் கொல்லையில் தோண்டி எடுத்தவர் மாதிரி அடித்துச் சொல்கிறார்.

எங்கள் தொழிலில் நிக்கல் என்றால் காசு. 304 ஸ்டெயின்லெஸ், 316 ஸ்டெயின்லெஸ் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். காந்தம் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. கொண்டு வருகிறவர் எல்லாருமே “அண்ணே, இது 316” என்று சத்தியம் செய்வார்கள். எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியை, அதாவது எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கலவையைக் காட்டும் கருவியை, வைத்துச் சுட்டு, நிக்கல் எத்தனை, மாலிப்டினம் எத்தனை என்று திரையில் வந்த பிறகுதான் விலை பேசுவோம். துண்டு கையில் இல்லாமல் ஒரு கிலோவுக்குக்கூட யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.

மனிதன் போட்ட ஆழமான துளை, ரஷ்யாவில் கோலா பக்கம், 12,262 மீட்டர். உட்கரு தொடங்குவதே சுமார் 5,150 கி.மீ. ஆழத்தில். அப்படியிருக்க அந்த 5 விழுக்காட்டை யார், எதை வைத்து அளந்தார்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பேர்வழி | பிரிக்ஃபீல்ட்ஸ் | திங்கள், இரவு 9.52

அளக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை லா. ஒருத்தர் சொன்னார், நூறு பேர் பாடநூலில் எழுதினார்கள், நாம் மனப்பாடம் செய்தோம். அவ்வளவுதான்.

கணக்கு_டீச்சர் | பட்டர்வொர்த் | திங்கள், இரவு 10.20

சந்தேகம் வேண்டும்தான் தம்பி. ஆனால் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

இரும்புக்கடைக்காரரே, உங்கள் கடையில் துப்பாக்கிக்கு முன்னால் தராசு இருக்கும் அல்லவா? பூமியை நிறுத்துப் பார்த்தவர் ஹென்றி கேவண்டிஷ், 1798இல். 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈயக் குண்டுகள் இரண்டு. அவற்றின் அருகே கம்பியில் தொங்கும் கோலின் இரு முனைகளிலும் சிறு குண்டுகள். பெரியது சிறியதை இழுக்கும் அந்தத் துளியூண்டு இழுப்பை அளந்தார். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு என்று வந்தது. இன்றைய மதிப்பு 5.51. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அவர் கணக்கு 2 விழுக்காடுகூடத் தள்ளிப் போகவில்லை.

இப்போது எங்கள் பினாங்குக் கொடிமலைக் கருங்கல்லை எடுத்து அதன் அடர்த்தியைப் பாருங்கள். 2.7ஐச் சுற்றித்தான் வரும். மேலே 2.7, மொத்தச் சராசரி 5.5. அப்படியானால் உள்ளே எங்கோ 10க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

எங்கே என்பதற்கும் கணக்கு உண்டு. சுழலும் பொருளில் கனம் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று காட்டும் அளவு நிலைமத் திருப்புத்திறன். உள்ளே முழுக்க ஒரே சீரான உருண்டை என்றால் அதன் எண் 0.4. பூமிக்கு 0.33தான். கனம் நடுவில் குவிந்திருக்கிறது என்று பொருள். 1890களிலேயே எமில் வீகெர்ட் என்ற ஜெர்மானியர், நடுவில் இரும்பு, சுற்றிலும் பாறை என்று எழுதிவிட்டார். அப்போது நில அதிர்வு அலைகளைப் படிக்கும் வித்தையே தவழும் பருவத்தில்தான் இருந்தது.

பழைய_இரும்பு | செலாயாங் | திங்கள், இரவு 10.41

டீச்சர், தராசு புரிகிறது. ஆனால் கனம் என்றால் இரும்பு மட்டுமா? இரும்பின் அடர்த்தி 7.87. ஈயம் 11.3. உட்கரு 13 கிட்டே என்று போட்டிருக்கிறார்கள். எடையை மட்டும் பார்த்தால் ஈயம்தானே நெருங்கி வருகிறது? கொஞ்சம் டங்ஸ்டன் கலந்தால் கணக்கு இன்னும் நேராகிவிடும். ஏன் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்?

சந்தேகப்பேர்வழி | பிரிக்ஃபீல்ட்ஸ் | திங்கள், இரவு 10.43

அப்படிக் கேளுங்க பாஸ்.

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், காலை 7.05

நில அதிர்வுத் தரவை வைத்துப் பிழைப்பவன் நான். எண்ணெய் தேடுகிறவர்களுக்காகத்தான், உட்கருவுக்காக அல்ல. இருந்தாலும் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஈயம். 7.87 என்பது உங்கள் கடையில் கிடக்கும் இரும்புக்கு. உட்கருவின் விளிம்பில் அழுத்தம் சுமார் 330 கிகாபாஸ்கல், நட்டநடுவில் 360ஐத் தாண்டும். நம் தலைக்கு மேல் உள்ள காற்றழுத்தத்தைப்போல் முப்பது லட்சம் மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தத்தில் எந்த உலோகமும் நசுங்கும். இரும்பை அங்கே வைத்தால் அதன் அடர்த்தி 13ஐத் தாண்டும். ஈயத்தை வைத்தால் அது இன்னும் எங்கேயோ போய்விடும். நம் உண்மையான சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தூய இரும்பே உட்கருவைவிடச் சில விழுக்காடு கனம் கூடுதல். உட்கருவைச் சுற்றித் திரவமாக இருக்கும் வெளிக்கருவில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால் உள்ளே கனமான எதையும் சேர்க்க இடமில்லை. லேசான எதையோதான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, சரக்குக் கிடைக்க வேண்டுமே! சூரிய ஒளியின் நிறமாலையையும் விண்கற்களையும் பார்த்தால், நம் சூரியக் குடும்பத்தில் இரும்பு அணு ஒரு லட்சம் இருக்கும் இடத்தில் ஈய அணு ஒன்றுகூடத் தேறாது. பூமியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருவில்தான் இருக்கிறது. அவ்வளவு ஈயத்துக்கு எங்கே போவது?

மூன்றாவது, அலையின் வேகம். சாதாரண நிலையில் ஈயத்தில் ஒலி நொடிக்கு 2 கி.மீ. சொச்சம்தான் ஓடும், இரும்பில் 6 கி.மீ. கிட்டே. பிரான்சிஸ் பர்ச் என்ற அமெரிக்கர் இந்த மாதிரி ஒவ்வொரு உலோகத்துக்கும் அடர்த்தி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எடுத்துப் பார்த்தார். கருவின் அடர்த்தியையும் அங்கே அலை ஓடும் வேகத்தையும் சேர்த்து வைத்தால், இரும்பும் அதன் அக்கம்பக்கத்து உலோகங்களும்தான் பொருந்துகின்றன. அந்த அக்கம்பக்கத்தில் ஏராளமாகக் கிடைப்பது இரும்பு ஒன்றுதான்.

பர்ச்சின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு குறும்பு உண்டு. பூமியின் உட்புறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் “தூய இரும்பு” என்று யாராவது எழுதினால், “எல்லாத் தனிமமும் கலந்த ஏதோ ஒன்று” என்று படித்துக்கொள்ளுங்கள் என்று அடிக்குறிப்பில் எச்சரித்திருக்கிறார்.

உங்கள் நிக்கல் கேள்விக்கு இரவு வருகிறேன். அதுதான் இங்கே இருப்பதிலேயே நல்ல கேள்வி.

எஸ்டிபிஎம்_புவியியல் | கெப்போங் | செவ்வாய், மாலை 4.30

அண்ணா, ஒரு சந்தேகம். உட்கரு வழியாகப் போன அலை என்கிறார்களே, அது எங்கே போய் வெளியே வரும்? நம் நாட்டுக் கருவிகளில் பதியுமா?

வரைபடத்தில் ஈப்போவுக்கு நேர் கீழே, பூமியின் மறுபக்கத்தில் எந்த ஊர் என்று பார்த்தேன். வட பெரு வந்தது. கோலாலம்பூருக்கு எக்குவடோர். பினாங்குக்கும் வட பெருதான், மலைப்பகுதி. அங்கெல்லாம் அடிக்கடி நிலநடுக்கம் வருமே?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், இரவு 8.15

தம்பி, இதைத்தான் நான் எழுதலாம் என்று இருந்தேன்.

நாம் சும்மா ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். 2021 நவம்பர் 28ஆம் தேதி வட பெருவில் 7.5 அளவு நிலநடுக்கம். நம் நேரப்படி ஞாயிறு மாலை 6.52. ஈப்போவிலிருந்து கோண அளவில் 178 பாகை, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அங்கே புறப்பட்ட பி அலை, அதாவது ஒலிபோல் அமுக்கி அமுக்கிப் போகும் வேகமான அலை, கவசம் என்னும் பாறை அடுக்கு, வெளிக்கரு, உட்கரு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு, பூமியின் நடுப்புள்ளிக்கு வெகு அருகாகக் கடந்து, சுமார் 20 நிமிடத்தில் இந்தப் பக்கம் வரும். நாம் இரவுச் சாப்பாட்டுக்குத் தயாராகிற நேரத்தில், 7.12 வாக்கில், காலுக்குக் கீழிருந்து நேர் மேலே ஏறி வந்திருக்கும். யாரும் உணர முடியாது, அவ்வளவு மெல்லியது. ஆனால் ஈப்போவிலும் கூலிமிலும் வானிலை ஆய்வுத் துறையின் நில அதிர்வு நிலையங்கள் இருக்கின்றன. கருவிக்கு அது கேட்கும். 2019 மே 26இல் வந்த 8.0 நிலநடுக்கமும் இதே வட பெருதான்.

கணக்கைப் பாருங்கள். உட்கருவின் ஆரம் 1,220 கி.மீ., விட்டம் 2,440. அதனுள் பி அலையின் வேகம் நொடிக்கு 11 கி.மீ. சொச்சம். அந்த 20 நிமிடப் பயணத்தில் மூன்றரை நிமிடம்போல உட்கருவுக்குள் மட்டும் கழிகிறது. அந்த மூன்றரை நிமிடத்தில் ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி ஏதோ சொல்கிறது.

ஒன்று மட்டும் குறை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு வருவது குறுக்குப் பாதை மட்டுமே. வடக்கு தெற்காகப் போகும் அலை இதைவிடச் சுமார் 3 விழுக்காடு வேகமாகப் போகிறது. தென் அட்லாண்டிக்கின் தென் சாண்ட்விச் தீவுகளில் நடுங்கியதை அலாஸ்காவில் பிடிக்கிறார்களே, அந்தப் பாதை. ஒரே உலோகத்தில் ஏன் திசைக்கு ஒரு வேகம்? இரும்புப் படிகங்கள் பெருமளவு ஒரு பக்கமாக அடுக்கி நிற்கின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதுவே உள்ளே இருப்பது படிகம் என்பதற்கு ஒரு சான்று.

சந்தேகப்பேர்வழி | பிரிக்ஃபீல்ட்ஸ் | செவ்வாய், இரவு 8.50

அண்ணே, அலையை நான் மறுக்கவில்லை. நீங்கள் அளப்பது வேகம், நேரம். அது பொருள் அல்லவே? வேகத்துக்குப் பொருத்தமாக ஒரு கலவையைத் தயார் செய்துவிட்டு, பொருந்துகிறது பார் என்றால் எப்படி? பொருந்தாவிட்டால் கொஞ்சம் சிலிக்கான், இன்னும் கொஞ்சம் கந்தகம் என்று தூவிக்கொள்வீர்கள்.

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், இரவு 9.30

லேசான தனிமங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி, அங்கே தூவல் வேலை நடக்கத்தான் செய்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் உட்கரு என்று ஒன்று இருப்பதை யாரும் கலவை தயார் செய்து கண்டுபிடிக்கவில்லை. பொருந்தாத ஒரு பதிவிலிருந்துதான் அது வெளிவந்தது.

1929 ஜூனில் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். அன்றைக்கு இருந்த கொள்கைப்படி, கரு முழுக்கத் திரவம். திரவத்துக்குள் நுழையும் அலை வளைந்துவிடும் என்பதால் உலகின் ஒரு பட்டைப் பகுதியில் பி அலை நேராக விழவே கூடாது, நிழல்தான் இருக்க வேண்டும். டென்மார்க்கின் இங்கே லேமான் பதிவுகளைப் பார்க்கும்போது, அந்த நிழலுக்குள் இருந்த நிலையங்களில் மெல்லிய பி அலைகள் வந்திருந்தன. மற்றவர்கள் அதை ஓரத்தில் சிதறி வந்தது என்று ஒதுக்கினார்கள். அவர் ஒதுக்கவில்லை. திரவக் கருவுக்குள் இன்னொரு உருண்டை இருந்து, அதில் பட்டுத் திரும்பி வந்தால்தான் இந்த நேரக் கணக்கு ஒத்துவரும் என்று 1936இல் எழுதினார். கணினி கிடையாது. ஓட்ஸ் டப்பாக்களில் அட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் நிலையத்தின் நேரங்களைக் குறித்துவைத்து வேலை பார்த்தவர். 104 வயதுவரை இருந்தார், 1993இல் காலமானார்.

அவர் அது திடப்பொருள் என்று சொல்லவில்லை, இருக்கிறது என்றுதான் சொன்னார். திடம் என்பது பிறகு வந்தது. 1971இல் ஜிவோன்ஸ்கி, கில்பர்ட் இருவரும் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுதும் மணிக்கணக்கில் அதிரும் விதத்தைப் படித்து, உட்கரு திடமாக இருந்தால்தான் அந்த அதிர்வு ஒத்துப்போகும் என்று காட்டினார்கள். எடை, அதிர்வு, அலை நேரம், விண்கல், ஆய்வுக்கூடம். ஐந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகள். ஐந்தையும் சேர்த்துத் தூவிப் பொருத்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

தண்ணீர்மலை | ஜார்ஜ் டவுன் | செவ்வாய், இரவு 9.48

அதலம், விதலம், சுதலம் என்று ஏழு அடுக்கு கீழே இருப்பதாக நம் முன்னோர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் இவர்கள்

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9.55

பாதாள லோகத்துக்குப் பண்பாட்டுப் பகுதியில் தனி இழை உண்டு. மேலே உள்ள பதிவின் மீதியை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

பழைய_இரும்பு | செலாயாங் | செவ்வாய், இரவு 10.30

இரும்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். நிக்கல்? இரும்புக்கும் நிக்கலுக்கும் எடை வித்தியாசம் ரொம்ப இல்லையே. அலை எப்படி இரண்டையும் பிரிக்கும்?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், இரவு 11.10

பிரிக்காது. இதைத்தான் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை.

இரும்பு அணு எண் 26, நிக்கல் 28. அந்த அழுத்தத்தில் இரண்டின் அடர்த்தியும் அலை வேகமும் மிக நெருக்கம். உட்கருவில் நிக்கல் 3 விழுக்காடா, 8 விழுக்காடா என்று நில அதிர்வுப் பதிவை வைத்து இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த 5 வந்தது விண்கல்லிலிருந்து. கோண்ட்ரைட் எனப்படும் பழைய கல் விண்கற்கள், உருகிப் பிரியாமல் சூரியக் குடும்பத்தின் ஆரம்பக் கலவையை ஏறக்குறைய அப்படியே வைத்திருப்பவை. அவற்றில் இரும்பு பதினேழு, பதினெட்டு பங்குக்கு நிக்கல் ஒரு பங்கு. பூமியும் அதே கலவையிலிருந்து பிறந்தது என்று எடுத்துக்கொண்டு, மேலே கவசப் பாறையில் இருக்கும் கொஞ்ச நிக்கலைக் கழித்தால், மீதி கருவுக்குள் போயிருக்க வேண்டும். கணக்கு 5 விழுக்காட்டுப் பக்கம் வருகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த எண்ணை உட்கருவில் யாரும் அளக்கவில்லை. அதன் அண்ணன் தம்பிகளிடம் அளந்தார்கள்.

எஸ்டிபிஎம்_புவியியல் | கெப்போங் | செவ்வாய், இரவு 11.25

அப்படியானால் இரும்பு விண்கல்லையே எடுத்துப் பார்க்கலாமே அண்ணா? நமீபியாவில் ஹோபா விண்கல் 60 டன், அதில் நிக்கல் 16 விழுக்காடு என்று படித்தேன். அதுவும் ஏதோ ஒரு சிறு கோளின் கருதானே?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், இரவு 11.40

அதனால்தான் ஒற்றைக் கல்லை நம்பக் கூடாது. இரும்பு விண்கற்களில் 5 விழுக்காட்டிலிருந்து 20ஐத் தாண்டியும் நிக்கல் உண்டு. அந்தச் சிறு கோள் உருகும்போது எவ்வளவு இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பாறைக்குள் போனது என்பதைப் பொறுத்து மீதி உலோகத்தில் நிக்கல் ஏறும், இறங்கும். கோண்ட்ரைட் மொத்த விகிதத்தைத் தருகிறது. அதிலிருந்து தொடங்குவதுதான் பத்திரம்.

பழைய_இரும்பு | செலாயாங் | புதன், மதியம் 1.15

இதைத்தான் கேட்டேன். நன்றி. எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இன்னொன்று. ஆய்வுக்கூடம் என்று சொன்னீர்களே, அங்கே என்ன செய்கிறார்கள்? 360 கிகாபாஸ்கல் தரும் பிரஸ் எங்கே கிடைக்கும்? எங்கள் பேலிங் மெஷின் ஒரு காரைப் பெட்டி மாதிரி அமுக்கும். அதெல்லாம் இதன் பக்கத்தில் வராது போல.

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | புதன், இரவு 8.40

பெரிய பிரஸ் தேவையில்லை, பரப்பைச் சின்னதாக்கினால் போதும். இரண்டு வைரங்களின் கூர்முனையை எதிரெதிரே வைத்து, நடுவில் முடியின் பருமனைவிடச் சிறிய இரும்புத் துணுக்கை வைத்துத் திருகை முடுக்குவார்கள். வைரம் ஒளியை விடும் என்பதால் அதன் வழியே லேசர் பாய்ச்சிச் சூடாக்கலாம், எக்ஸ் கதிர் பாய்ச்சி உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். 2010இல் ஜப்பானில் தடேனோ, ஹிரோசே குழு 377 கிகாபாஸ்கல், 5,700 கெல்வின் வரை போய்விட்டது. பூமியின் நடுப்புள்ளியின் நிலைமை அதுதான். அங்கே இரும்பு அறுகோண நெருக்க அடுக்கில் இருந்தது. உங்கள் கடை இரும்பின் கனசதுர அடுக்கு அந்த அழுத்தத்தில் நிற்கவில்லை.

உங்கள் துப்பாக்கியும் எக்ஸ் கதிர்தான். ஆனால் அது அணு திருப்பி உமிழும் கதிரைப் பார்த்து எந்தத் தனிமம் என்று சொல்கிறது. இங்கே கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்து அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பிரெஞ்சுக் குழு ஒன்று 2013இல் இதே முறையில் இரும்பின் உருகுநிலையை அளந்து, உட்கருவின் விளிம்பு அழுத்தத்துக்கு அதை நீட்டிக் கணக்கிட்டது. சுமார் 6,230 கெல்வின் வந்தது, 500 முன்னே பின்னே.

சந்தேகப்பேர்வழி | பிரிக்ஃபீல்ட்ஸ் | புதன், இரவு 9.05

500 முன்னே பின்னேயா! சரி, இப்போது அந்தத் தூவல் விவகாரத்துக்கு வாருங்கள் அண்ணே. லேசான தனிமம் எது? அதையாவது கண்டுபிடித்தார்களா?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | புதன், இரவு 10.00

இல்லை. இங்கேதான் உண்மையான சண்டை.

வேட்பாளர்கள் ஐந்து பேர்: ஆக்சிஜன், சிலிக்கான், கந்தகம், கார்பன், ஹைட்ரஜன். வெளிக்கரு உறையும்போது எல்லாரும் ஒரே மாதிரி உள்ளே வருவதில்லை. கணினிக் கணக்குகளின்படி ஆக்சிஜன் திடத்துக்குள் வர மறுத்துத் திரவத்திலேயே தங்கிவிடுகிறது. சிலிக்கானும் கந்தகமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிகின்றன. உட்கருவின் விளிம்பைத் தாண்டியதும் அடர்த்தி 12.2இலிருந்து 12.8க்குத் தாவுகிறது. உறைவதால் மட்டும் அவ்வளவு பெரிய தாவல் வராது. ஆகவே வெளிக்கருவில் ஆக்சிஜன் கணிசமாக இருக்க வேண்டும், உட்கருவில் அது அதிகம் இருக்காது என்று ஒரு தரப்பு.

அப்புறம் மென்மை என்று ஒரு சிக்கல். எஸ் அலை, அதாவது பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் அலை, திடப்பொருளில் மட்டும்தான் ஓடும். உட்கருவுக்குள் ஓடிய எஸ் அலையைத் தனியாகப் பிடிப்பது மகா கஷ்டம். 2018இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கல்சிச், ஃபாம் இருவரும் உலகெங்கும் பதிவான அதிர்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதன் தடயத்தைப் பிடித்தார்கள். திடம்தான், ஆனால் எதிர்பார்த்ததைவிட மெத்தென்று இருந்தது. 2022இல் சீனக் குழு ஒன்று ஒரு விளக்கம் சொன்னது. அந்த வெப்ப அழுத்தத்தில் இரும்பு அணுக்கள் தம் இடத்தில் நிற்க, ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் போன்ற சின்ன அணுக்கள் அவற்றின் இடுக்குகளில் திரவம்போல் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடைகள் நின்ற இடத்தில் நிற்க, கூட்டம் சந்துகளில் நெளிந்து போகிறதே, அந்த மாதிரி. மிகை அயனி நிலை என்று பெயர். அப்படி இருந்தால் உலோகம் திடமாகவும் இருக்கும், மென்மையாகவும் இருக்கும். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் இது முதலில் கணினிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

கணக்கு_டீச்சர் | பட்டர்வொர்த் | புதன், இரவு 10.35

கார்பனை விட்டுவிட்டீர்களே. 2025இல் ஆக்ஸ்போர்டு, லீட்ஸ், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்கள் சேர்ந்து எழுதியதை என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பினார். அவர்கள் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல், முதல் படிகம் எப்படி உருவானது என்று கேட்கிறார்கள்.

தூய திரவ இரும்பு உறைநிலைக்கு வந்தவுடன் உறைந்துவிடாது. முதல் விதைப் படிகம் தானாகத் தோன்ற, உறைநிலைக்குக் கீழே 800, 1,000 பாகை வரை குளிர வேண்டுமாம். பூமியின் கரு அவ்வளவு குளிர்ந்திருந்தால் உட்கரு இன்றிருப்பதைவிட மிகப் பெரிதாகியிருக்கும், காந்தப்புலமும் நின்றுபோயிருக்கும். ஆக 250 பாகை சொச்சத்துக்கு மேல் போக அனுமதி இல்லை. அவர்கள் ஒரு லட்சம் அணுக்கள் வைத்துக் கணினியில் உறையவைத்துப் பார்த்தார்கள். சிலிக்கானும் கந்தகமும் உறைவதைத் தாமதப்படுத்தின. கார்பன் சீக்கிரமாக்கியது. எடையில் 2.4 விழுக்காடு கார்பன் இருந்தால் 420 பாகை குளிர்ந்தால் போதும், 3.8 என்று நீட்டிப் பார்த்தால் 266 பாகை. கிட்டத்தட்டக் கணக்குத் தீர்ந்தது.

பழைய_இரும்பு | செலாயாங் | புதன், இரவு 10.50

3.8 விழுக்காடு கார்பனா? டீச்சர், அது வார்ப்பிரும்பு! சாக்கடை மூடி, பழைய இன்ஜின் பிளாக் எல்லாம் அந்தக் கணக்குத்தான். இரும்பில் கார்பன் 2ஐத் தாண்டினால் எங்கள் குவியலில் தனி மூலை. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வளையாது, உடையும்.

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | புதன், இரவு 11.05

எண் ஒன்றுதான், குணம் ஒன்றாக இருக்காது. உங்கள் வார்ப்பிரும்பில் கார்பன் பெரும்பாலும் கிராஃபைட்டாகத் தனியே பிரிந்து நிற்கிறது, உடைவதற்கு அதுவும் ஒரு காரணம். 330 கிகாபாஸ்கலில் கிராஃபைட் நிலைக்காது. டீச்சர் சொன்ன 3.8 திரவக் கருவுக்கான எண் என்பதையும் கவனியுங்கள். அதில் எவ்வளவு உறைந்து உள்ளே வந்தது என்பது அடுத்த கேள்வி. இருந்தாலும் அந்த ஆய்வின் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியில் என்ன இருக்கிறது என்பதோடு, அது எப்படி அங்கே வந்தது என்பதையும் ஒரே கலவை விளக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

தண்ணீர்மலை | ஜார்ஜ் டவுன் | வியாழன், காலை 6.50

தங்கம் இருக்கிறதா?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | வியாழன், காலை 7.20

இருக்கிறது, ஏராளமாக. பூமி உருகிய காலத்தில் இரும்போடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. பூமியின் தங்கத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் கருவில்தான். எடுக்க வழி இல்லை.

இதில் இரும்புக்கடை அண்ணனுக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 2025இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தினர் ஹவாய் எரிமலைப் பாறையில் ருத்தீனியம் என்ற அரிய உலோகத்தின் ஒரு ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை மாறிய வகை), சாதாரணக் கவசப் பாறையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதை அளந்தார்கள். கருவின் உலோகம் மிகக் கொஞ்சமாக மேலே கசிந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. கையில் பிடிக்கக்கூடிய துண்டுக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனால் அது வெளிக்கருவின் மேல் விளிம்பிலிருந்து வருவது, 2,900 கி.மீ. ஆழம். உட்கரு அங்கிருந்து இன்னும் 2,250 கி.மீ. கீழே.

சந்தேகப்பேர்வழி | பிரிக்ஃபீல்ட்ஸ் | வியாழன், மதியம் 12.40

சரி, உட்கரு சுற்றுவதை நிறுத்திவிட்டது, பின்னோக்கிச் சுற்றுகிறது என்றெல்லாம் வருகிறதே? ஜொகூர் சிகாமட்டில் 2025இல் நிலம் ஆடியதற்கும் அதற்கும்

மட்டுறுத்துநர் | வியாழன், மதியம் 12.55

சம்பந்தம் இல்லை. சுழற்சிக்குத் தனி இழை திறக்கவும். இங்கே கலவை மட்டும்.

பழைய_இரும்பு | செலாயாங் | வியாழன், இரவு 9.10

ஹைட்ரஜன் பற்றி யாரும் எழுதவில்லை. வெல்டிங்கில் அது எங்களுக்குப் பெரிய தலைவலி. 7018 வெல்டிங் குச்சி ஈரம் பிடித்திருந்தால், பற்றவைத்த மறுநாள் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு வரும். ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடுகிறது என்பார்கள். அதனால் குச்சியை அடுப்பில் வைத்து எடுத்துத்தான் வேலை பார்ப்போம். சாதாரண நிலையிலேயே இப்படி என்றால் அங்கே?

அலைவாசி | பாயான் லெப்பாஸ் | வியாழன், இரவு 9.45

அங்கே இரும்பு ஹைட்ரஜனை இன்னும் தாராளமாக வாங்கிக்கொள்ளும். சிக்கல் அளப்பதில். வைரங்களுக்கு நடுவே அழுத்தத்தில் இருக்கும்வரை ஹைட்ரஜன் இரும்புக்குள் இருக்கும். திருகைத் தளர்த்தியதும் வெளியேறிவிடும். மற்ற தனிமங்களை அழுத்தத்தை இறக்கிய பிறகு வெட்டி நிதானமாக எண்ணலாம். ஹைட்ரஜனை உள்ளே இருக்கும்போதே, படிகம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை வைத்து எண்ண வேண்டும். எக்ஸ் கதிரிலும் அது சரியாகத் தெரியாது, ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள அணு. ஐந்து வேட்பாளர்களில் மிகவும் வழுக்குகிறவர் இவர்தான். ஆளுக்கு ஆள் வேறு எண் சொல்வதும் இவர் விஷயத்தில்தான்.

எஸ்டிபிஎம்_புவியியல் | கெப்போங் | வியாழன், இரவு 10.05

தேர்வில் இதையெல்லாம் எழுதலாமா டீச்சர்? கார்பன், மிகை அயனி நிலை?

கணக்கு_டீச்சர் | பட்டர்வொர்த் | வியாழன், இரவு 10.12

வேண்டாம் ஐயா. இரும்பும் நிக்கலும், திடநிலை, ஆரம் சுமார் 1,220 கி.மீ. என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். திருத்துகிறவர் கையில் விடைத்திட்டம் இருக்கும், வைர அழுத்தி இருக்காது.

பழைய_இரும்பு | செலாயாங் | வியாழன், இரவு 10.20

அலைவாசி அண்ணே, பெருவில் அடுத்து பெரிதாக எது வந்தாலும் ஈப்போ பதிவின் படத்தை இங்கே போடுங்கள். அந்த இருபதாவது நிமிடக் கோட்டை நான் பார்க்க வேண்டும்.